துடைத்த இலை

சோற்றை வைத்துவிட்டால் திரும்பிப் பார்க்காமல் இறங்கிவிட வேண்டும். அது அவளுடைய மாமியார் போட்டுவிட்டுப் போன சட்டம். பார்த்தால் வந்தவர்களுக்குத் தொண்டையில் இறங்காது, பாதியில் எழுந்து பசியோடு போய்விடுவார்கள். குணசுந்தரி இன்றைக்கும் எல்லாவற்றையும் முறையாகத்தான் செய்தாள். மொட்டைமாடித் துவைகல்லின் மேல் வாழையிலைத் துண்டை விரித்தாள். ஆடிக் காற்று தூக்கிப் போகாமல் ஓரத்தில் ஓட்டாஞ்சில்லை வைத்தாள். பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்து, அவருக்குப் பிடிக்குமே என்று மேலே ஒரு கரண்டி தயிரும் ஊற்றிய சோற்றை நடுவில் உருட்டி வைத்தாள். கா, கா என்று கூப்பிட்டுக் கையைத் தட்டினாள், திரும்பினாள், படிக்கட்டின் முதல் படியில் காலையும் வைத்துவிட்டாள். வைத்த கால் அங்கேயே நின்றது. கீழே நாத்தனார் பவளம் குக்கரை அடுப்பில் ஏற்றும் சத்தம் கேட்டது. ஒரு மூச்சு விடும் நேரம்தான். பிறகு வைத்த காலை எடுத்துக்கொண்டு, தன் வீட்டு மாடியில் தானே திருட வந்தவள் போலப் பக்கவாட்டில் நடந்து, கறுப்புத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். அறுபத்தாறு வயதில் கண்ணாமூச்சி விளையாட்டு. யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று யோசித்து, யார் பார்த்தால் எனக்கென்ன என்றும் உடனே யோசித்தாள். தொட்டியின் இடுக்கு வழியாக இலை தெரிந்தது. வெள்ளை உருண்டையின் மேல் தயிர் மெல்ல வழிந்துகொண்டிருந்தது. ஆன்டெனா கம்பியில் காக்கை ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லையே என்ற நினைப்பை அப்படியே விட்டுவிட்டு நாய் ஹலோவை நினைத்தாள். இந்த நேரத்துக்கு அது கட்டிலுக்கு அடியில் குளிர்ந்த தரையில் வயிற்றை ஒட்டிப் படுத்திருக்கும். பாவம், அந்த வயிற்றைப் பார்க்க முடியவில்லை. வந்தபோது புதுப் பச்சரிசி மாதிரி இருந்த தோல், இப்போது யானைக் காது மாதிரி கறுத்துத் தடித்துக் கிடக்கிறது. அக்குள் இரண்டும் வெந்தது போலிருக்கிறது. முன்னங்கால்களை நக்கி நக்கி வெள்ளை மயிரெல்லாம் துருவேறிவிட்டது. எல்லாவற்றையும்விட அந்தச் சத்தம். சொறியும்போது பின்னங்கால் தரையில் அடிக்கும், டப் டப் டப் என்று, யாரோ கதவைத் தட்டிவிட்டுத் திறக்கும்வரை பொறுக்காமல் மறுபடி தட்டுகிறாற்போல. படுத்துக்கொண்டே அதைக் கேட்பாள். எங்கே அரிக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள், இது காது, இது விலா. சொல்லி என்ன, எதனால் அரிக்கிறது என்று சொல்ல முடியவில்லையே. ஹலோ என்று பெயர் வைத்தவர் அவர்தான். தெருவில் நின்ற குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்து, "முப்பது வருஷமா ஊரான்கிட்ட எல்லாம் ஹலோ சொன்னே. இனிமே வீட்டுல சொல்லு" என்றார். அவ்வளவு நீளமாக அவர் பேசியதே அபூர்வம். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர், விசிலிலேயே பேசிப் பழகியவர். தணிகாசலம் சார் என்றால் உறையூரில் பாதிப் பேர் இன்றும் முதுகை நிமிர்த்துவார்கள். அவர் போய் இரண்டாவது ஆடி இது. அவர் போன சில மாதங்களில் நாய் சொறிய ஆரம்பித்தது. ஏக்கம், என்றாள் பவளம். "அண்ணனைத் தேடுது அண்ணி. வாயில்லா ஜீவன், தோல்ல காட்டுது." குணசுந்தரி அப்போது சிரித்தாள். ஏக்கம் தோலில் வருமென்றால் எனக்கல்லவா முதலில் வந்திருக்க வேண்டும்.

வேப்பெண்ணெய் தடவியாயிற்று, குப்பைமேனி அரைத்துப் போட்டாயிற்று, பவளம் சமயபுரத்துத் திருநீற்றைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்தும் ஆயிற்று. கடைசியில் டாக்டர் நஸ்ரின். சின்னப் பெண்தான், மூக்கில் வியர்வை துளிர்க்கத் துளிர்க்க வேலை செய்வாள். குணசுந்தரிக்கு அவளைப் பிடித்துப் போனதற்குக் காரணம் அவள் கெட்டிக்காரி என்பது மட்டுமில்லை, வரிசையாகப் போகிறாள் என்பது. முதலில் தெள்ளும் உண்ணியும் இல்லை என்று சீப்பு போட்டுப் பார்த்தாள். பிறகு தோலைக் கத்தியால் லேசாகச் சுரண்டி, கண்ணாடிச் சில்லில் வைத்து, சொறிப்பூச்சி இல்லை என்றாள். பூஞ்சை இல்லை என்றாள். தரை துடைக்கும் ஃபினாயிலை நிறுத்தச் சொன்னாள், சாம்பிராணியை நிறுத்தச் சொன்னாள், படுக்கும் சாக்கை மாற்றச் சொன்னாள். ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றிப் பார்க்கிற அந்த வேலையைப் பார்க்கையில் குணசுந்தரிக்குப் பழைய ஆபீஸ் வாசனையே வந்துவிட்டது. இடையில் மாத்திரை கொடுத்தாள். மாத்திரை போட்டால் அரிப்பு நின்றுவிடும், ஆனால் நாய் வேறு நாயாகிவிடும். குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, நடுக்கூடத்தில் மூத்திரம் போய், தானே வெட்கப்பட்டு மூலையில் ஒண்டிக்கொள்ளும். வயிறு பானையாகிவிட்டது. ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஈரல் கெட ஆரம்பித்திருந்தது. கடைசியாக ஒன்று பாக்கி இருக்கிறது, சாப்பாடு, என்றாள் நஸ்ரின். இதுவரை தின்னாத ஒன்றை மட்டும் எட்டு வாரம் கொடுக்க வேண்டும். வேறு எதுவும் வாயில் படக்கூடாது. அரிப்பு அடங்கினால் பழைய சாப்பாட்டில் எதுவோ ஒன்று ஆகவில்லை என்று அர்த்தம், அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்துப் பிடித்துவிடலாம். அடங்காவிட்டால் சாப்பாடு காரணமில்லை, ஆயுசுக்கும் மாத்திரைதான், ஈரல் எவ்வளவு நாள் தாங்குமோ அவ்வளவு நாள். அன்றையிலிருந்து உப்பில்லாமல் வேகவைத்து முள் எடுத்த கெண்டை மீனும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும். காலையும் அதுதான், மாலையும் அதுதான். எட்டு வாரம் முடியப்போகிறது. நேற்று மாலை நஸ்ரின் நாயின் அக்குளைப் பிரித்துப் பார்த்தாள், அது இன்னும் வெந்தபடியே இருந்தது.

அதன் பிறகு அவள் கேட்டதுதான் முள்ளாக நிற்கிறது. "அம்மா, கோவிச்சுக்காதீங்க. வேற எதுவும் வாயில போகலைன்னு உறுதியாச் சொல்வீங்களா?" கோபித்துக்கொள்ளாமல் எப்படி இருப்பது. "டாக்டர், நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல டெஸ்ட் டெஸ்க்ல இருந்தவ. என் கண்ணுக்குத் தப்பி என் வீட்டுல ஒரு பருக்கை உள்ள போகாது" என்றாள். குரல் அறையில் மோதித் திரும்பி வந்தது, வெளியே பூனைக்கூடையோடு காத்திருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். நஸ்ரின் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "பருக்கை போதும்மா, ஒரு பருக்கை போதும்" என்றாள். ஆட்டோவில் வரும்போதெல்லாம் அந்தச் சொல்தான். பருக்கை. வீட்டுக்கு வந்து, ஹலோவின் கழுத்தைச் சீவிவிடும்போது, தாடைக்குக் கீழே மயிரில் காய்ந்து ஒட்டிக்கொண்டு, சீப்பின் பல்லில் சிக்கி வந்தது ஒன்று. மீன் முள் என்று நினைத்தாள். கிழங்கு நார் என்று நினைத்தாள். உள்ளங்கையில் போட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். சோற்றுப் பருக்கை. நேராகச் சமையலறைக்குப் போய்ப் பவளத்திடம் கையை நீட்டினாள். "என்னது இது?" பவளம் எட்டிப் பார்த்துவிட்டு, "சோறு அண்ணி. அரிசியை வேகவெச்சா வருமே, அதான்" என்றாள். "நாய் தாடையில எப்படி வந்துது?" "என்னைக் கேட்டா? நாயைக் கேளுங்க, அதுதான் ஹலோன்னா பதில் சொல்லுமே." பிறகு புரிந்துகொண்டு பவளத்தின் முகம் மாறியது. "நான் போட்டேன்னு நினைக்கிறீங்களா? எங்கண்ணன் மேல சத்தியம். உங்க மீனுக்கும் கிழங்குக்கும் நான் காவல்காரியாத்தான் இருக்கேனே தவிர, கள்ளி இல்ல." பவளம் சாப்பிடாமல் படுத்தாள். நாற்பது வருஷமாக ஒரே கூரை, தனக்கென்று ஒரு குடும்பம் அமையாமல் அண்ணன் வீட்டோடு நின்றுவிட்டவள், பொய் சொல்லத் தெரியாதவள், தெரிந்திருந்தால் எங்கேயாவது பிழைத்திருப்பாள். அப்படியானால் பருக்கை எங்கிருந்து வந்தது. வீட்டில் சோறு இருக்கிற இடம் இரண்டுதான். ஒன்று சமையலறை, அதற்குக் கதவு போட்டாயிற்று. இன்னொன்று. இன்னொன்று என்று நினைக்கும்போதே மனசு வழுக்கிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டது. இரவெல்லாம் அப்படித்தான் வழுக்கியது.

காற்று இலையின் நுனியைத் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டது. டெஸ்ட் டெஸ்க் என்றால் என்ன என்று இப்போது யாருக்குத் தெரியும். ஊர் முழுக்க ஓடுகிற கம்பிகளெல்லாம் வந்து சேருகிற இடத்தில் ஒரு மேசை, மேசையில் ஒரு மீட்டர், காதில் ஒரு ஹெட்செட். போன் செத்துவிட்டது என்று புகார் வரும். கம்பிப் பிளக்கைச் சொருகிச் சுவிட்சைத் தட்டினால் ஊசி துள்ளும். எவ்வளவு துள்ளுகிறது, எப்படித் துள்ளி எப்படி விழுகிறது என்பதைப் பார்த்து, கம்பி அறுந்ததா, ஈரம் ஏறியதா, தெருமுனைப் பில்லர் பெட்டிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்லிவிடுவாள். மற்றவர்கள் ஊசியைப் பார்ப்பார்கள், அவள் காதாலும் பார்ப்பாள். கம்பியில் ஈரம் இருந்தால் ஒரு மெல்லிய பொரிச்சல் கேட்கும், தூரத்து வீட்டில் அப்பளம் பொரிப்பது மாதிரி. லைன்மேன்கள் கம்பத்தின் உச்சியிலிருந்து, "மேடம் சொன்னா சரியாத்தான் இருக்கும், அந்த ஜாயிண்டைப் பிரிடா" என்பது கேட்கும். பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்துவிட்டு வேலைக்குப் போன முதல் நாள், பொம்பளைக்கு எதற்கு மீட்டர் என்று சொன்ன சூப்பர்வைசர், ரிட்டையராகும்போது அவளைத் தேடிவந்து கும்பிட்டுவிட்டுப் போனார். பெரிய கடைவீதியில் ஒரு பாத்திரக் கடைக்காரர் போன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் செத்துப்போகும். சனிக்கிழமை மத்தியானம் தானாக உயிர் வரும். கேபிளை மாற்றினார்கள், கருவியை மாற்றினார்கள், கடைக்காரர் வாஸ்துவைக்கூட மாற்றினார். குணசுந்தரி ஒரு வெள்ளிக்கிழமை மேசையைவிட்டு எழுந்து, பஸ் ஏறி, கடைக்கு எதிரே இளநீர்க்காரனிடம் நின்று பார்த்தாள். அஞ்சு மணிக்குக் கடைக்கார அம்மாள் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை வாசல்நிலையில் சளேரென்று ஊற்றிக் கழுவினாள். நிலைக்குப் பக்கத்தில்தான் கம்பி சுவருக்குள் நுழைகிற ஓட்டை. மகாலட்சுமி உள்ளே வருகிற வழியிலேயே போன் வெளியே போய்க்கொண்டிருந்தது. கடைத்தெருவே சிரித்தது. நினைத்தால் இன்றும் முதுகுத்தண்டில் ஒரு சுகம் ஏறுகிறது. தேடு, பாதியாக வெட்டு, எந்தப் பாதி நல்ல பாதியோ அதைத் தள்ளு, மிச்சத்தை மறுபடி பாதியாக வெட்டு. எதையும் நம்பாதே, நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிற கம்பியை முதலில் சோதி. புதிதாக வந்த பெண்களுக்கு அவள் சொல்லிக்கொடுத்தது இது. இரண்டு வருஷமாக அவள் சோதிக்காத கம்பி ஒன்று அவள் தலைக்கு மேலேயே ஓடிக்கொண்டிருந்தது.

நம்பித்தான் வைத்தாளா. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் கிளம்பி, வீடு திடீரென்று பெரிதாகிவிட்ட அன்று பவளம் சோற்றைப் பிசைந்து கையில் கொடுத்து, "நீங்கதான் வைக்கணும் அண்ணி" என்றபோது, இவளுக்காகத்தான் என்று வைத்தாள். படித்தவள் என்ற கௌரவம் ஒரு பக்கம் முறைத்துக்கொண்டே நின்றது. குளித்துவிட்டு, பேப்பர் படித்துவிட்டு, காய்ந்த துணி எடுக்க மாடிக்கு வந்தால் இலை சுத்தமாக இருந்தது. ஒரு பருக்கை இல்லை. தயிர் ஈரம்கூட இல்லை, இலையின் நரம்பெல்லாம் பளபளவென்று. அவர் அப்படித்தான் சாப்பிடுவார். பந்தியில் அவர் எழுந்த இலையைப் பார்த்தால் இன்னும் பரிமாறவில்லை என்று நினைத்துப் பரிமாறுகிறவர்கள் வந்து நிற்பார்கள். பஞ்சத்தில் வளர்ந்த பிள்ளை, ரசத்தின் கடைசிச் சொட்டைக்கூட விரலால் கூட்டி வழித்துவிடுவார். அந்தத் துடைத்த இலையைப் பார்த்தபோது அவள் துவைகல்லிலேயே, அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளும் துடைத்திருந்தது. எதிர்வீட்டு மீனலோசனி, "எங்க வீட்டுக்காரருக்கு வெச்சா பாதி அப்படியே கிடக்கு, சாகறப்பவே கோவத்தோடதான் போனாரு" என்று புலம்பும்போது, குணசுந்தரி கேட்டுக்கொள்வாள். உள்ளே ஒரு கர்வம் தோகை விரிக்கும். என் வீட்டுக்காரர் திருப்தியாக இருக்கிறார், ஒரு நாள்கூட மிச்சம் வைத்ததில்லை. எதையும் நம்பாதே என்று சொல்லிக்கொடுத்தவள், அந்தச் சுத்தமான இலையை நம்பினாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சட்டம் இருந்தது எவ்வளவு சௌகரியமாக இருந்தது. அவர் செத்த அன்றும் அவள் பெரிதாக அழவில்லை, பிறகும் அழவில்லை. தினமும் சாப்பிட வருகிறவருக்காக யாராவது அழுவார்களா.

ஆனால் காக்கை இலையைத் துடைக்குமா. கொத்தும், சிதறும், கௌவிக்கொண்டு போகும், தயிரை என்ன செய்யும். இது நேற்று ராத்திரியா தெரிந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். தெரிந்ததை ஒரு மடிப்பில் மடித்து வைத்திருந்தாள், அவ்வளவுதான். ஹலோ மாடிப்படி ஏறாது என்பது இன்னொரு மடிப்பு. குட்டியாக இருக்கும்போது இந்தப் படியில் உருண்டு விழுந்து, அன்றிலிருந்து கீழ்ப்படியில் நின்று அழுமே தவிர, அவள் கூப்பிட்டு ஒரு நாள்கூட ஏறியதில்லை. அவள் கூப்பிட்டு. இதோ ஒரு காக்கை வந்துவிட்டது, ஆன்டெனா கம்பியில் உட்கார்ந்து கழுத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்த்துப் பார்க்கிறது. வா, இறங்கு. அவளுக்கே தெரியாமல் கை இரண்டும் முழங்காலில் கோத்துக்கொண்டன. இறங்கிக் கொத்திவிட்டால் போதும், பருக்கை எங்கிருந்தோ வந்ததாக இருந்துவிட்டுப் போகட்டும், ஹலோ ஆயுசுக்கும் மாத்திரை தின்னட்டும், சே, என்ன நினைப்பு இது. வாயில்லாத ஒன்றின் ஈரலை விலையாகக் கொடுத்து அவரை வைத்துக்கொள்ளப் பார்க்கிறேனா. இதை அவர் கேட்டிருந்தால் விசிலை ஊதியிருப்பார். ஆனாலும், வா, இறங்கு, ஒரு வாய். காக்கை இலையைப் பார்த்தது, பிறகு படிக்கட்டைப் பார்த்தது. இறங்கவில்லை. யாருக்காகவோ காத்திருந்து பழகியது மாதிரி, தன் முறை எப்போது என்று தெரிந்தது மாதிரி, கம்பியிலேயே அலகைத் தீட்டிக்கொண்டது. அப்போதுதான் கீழேயிருந்து அது கேட்டது. சிமெண்டுப் படியில் நகம் படும் சத்தம், டிக் டிக், ஒரு நிறுத்தம், டிக் டிக். அவளுடைய காது அல்லவா, தவறுமா.

ஹலோ வந்தது. பயந்து பயந்து வரவில்லை. ஆபீஸுக்குக் கிளம்புகிற மனுஷன் மாதிரி, தினமும் நடந்த தடத்தில் நடந்து வந்தது. துவைகல்லின் மேல் முன்னங்கால் இரண்டையும் வைத்தது. துருவேறிய அந்தக் கால் ஒன்றால் இலையின் ஓரத்தை, ஓட்டாஞ்சில்லுக்குப் பக்கத்தில், காற்று பறிக்காமல் பதவிசாக அமுக்கிக்கொண்டது. பிறகு சாப்பிட்டது. அவசரமில்லை. முதலில் தயிர், பிறகு உருண்டை, பிறகு சிதறியது, பிறகு இலையின் நரம்பு நரம்பாக, நுனியிலிருந்து காம்புவரை. குணசுந்தரி அசையவில்லை. உள்ளே ஊசி துள்ளியது. கிடைத்துவிட்டது! எட்டு வாரமும் மீனும் கிழங்கும் தின்றுவிட்டு, அதன் மேல் தினமும் ஒரு கவளம் பருப்பும் நெய்யும் தயிரும். சோதனையே நடக்கவில்லை, நடக்காத சோதனை எப்படித் தோற்கும். சாப்பாடு காரணமில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. டாக்டர் தேடியது, பவளம் தேடியது, நான் கண்டுபிடித்தேன். அறுபத்தாறு வயதில், ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, நான் கண்டுபிடித்தேன். பெருமை கழுத்துவரை பொங்கி வந்தது. பொங்கி வந்தது அங்கேயே நின்று, மெல்ல வேறு ஒன்றாக மாறியது. அவர் வரவில்லை. இன்றைக்கு மட்டுமில்லை, நேற்றும் வரவில்லை, போன ஆடி அமாவாசைக்கும் வரவில்லை, அந்த முதல் நாளும் வரவில்லை. இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாளே, அன்றும் இந்த நாய்தான். இரண்டு வருஷமாக எல்லாச் சாயங்காலமும், இன்றைக்கும் சாப்பிட்டார் என்று நினைத்துக்கொண்டு விளக்கேற்றினாளே. அவர் போனது அன்றைக்கல்ல, இப்போதுதான், இந்த வெயிலில், இந்தத் துவைகல்லுக்கு அப்பால், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

"அண்ணி! ஹலோவைக் காணோம். அங்க இருக்கீங்களா?" பவளம் கரண்டியோடு ஏறி வந்தாள். முதலில் நாயைப் பார்த்தாள், அடுத்தது இலை, கடைசியில் தொட்டிக்குப் பின்னாலிருந்து எழுந்து வருகிற அண்ணி. நாய் இருவரையும் பார்த்துவிட்டு வாலைக் கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டது. மூக்கு நுனியில் ஒரு பருக்கை.

"இதுவா?" என்றாள் பவளம்.

"இதுதான். நேத்து உன்னைக் கேட்டது தப்பு."

"அது கிடக்கட்டும்." பவளம் இன்னும் இலையையே பார்த்தாள். "அப்ப, அண்ணன்?"

குணசுந்தரி குனிந்தாள். முந்தானையால் நாயின் மூக்கைத் துடைத்தாள். அது கையை நக்கியது. அடிக்கத் தோன்றவில்லை. பவளத்தின் கண் நிறைந்துவிட்டது, ஆனால் அவள் அதற்குள்ளேயே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். எதையும் இழக்காமல் இருக்கிற வழி அவளுக்கு எப்போதும் தெரியும்.

"அண்ணி, நான் ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. நாய் பைரவர் வாகனம். அண்ணனே இது உடம்புல வந்து சாப்பிட்டுட்டுப் போறாருன்னு ஏன் இருக்கக் கூடாது? இல்லாட்டி ஏறாத படியை ஏறுமா?"

ஒரு கணம், ஒரே ஒரு கணம், குணசுந்தரி அதை எடுத்துப் பார்த்தாள். நல்ல பட்டுப்புடவையைக் கடையில் விரித்துக் காட்டினால் தொட்டுப் பார்ப்பதுபோல. போர்த்திக்கொண்டால் கதகதப்பாகத்தான் இருக்கும். பிறகு மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"உங்கண்ணன் வந்து சாப்பிட்டிருந்தா நாய்க்கு ஏன் பவளம் அரிக்குது? சாப்பிட்டது அவர், சொறியறது இதுவா? அந்த மனுஷன் தன் பாரத்தை இன்னொருத்தர் தலையில வெச்சதா எனக்கு ஞாபகம் இல்ல."

பவளத்துக்கு அழுகையின் நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. "வாத்தியார் பொண்டாட்டிகிட்ட வாய் குடுத்தேன் பாருங்க" என்று மூக்கை உறிஞ்சினாள்.

"இதைக் கீழ கூட்டிட்டுப் போ. படிக்கதவைத் தாழ் போடு. இன்னும் ஒரு பிடி சோறு பிசைஞ்சு கொண்டா."

"இன்னைக்கு வெச்சாச்சே அண்ணி."

"வெச்சது அவருக்குப் போகலையே. போகுதா இல்லையான்னு பாக்கணும்."

"பாக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க." பவளத்தின் குரல் சின்னப் பிள்ளையின் குரலாகிவிட்டது. "வரலைன்னா என்ன அண்ணி பண்ணுவீங்க?"

"வரலைன்னு தெரிஞ்சுக்குவேன்."

புது இலை, புது உருண்டை. நாய் கீழே தாழ்ப்பாளுக்குப் பின்னால் முனகியது. இந்த முறை குணசுந்தரி தொட்டிக்குப் பின்னால் போகவில்லை. துவைகல்லிலிருந்து பத்தடி தள்ளி, வெயிலில், கையைக் கட்டாமல், அவர் அசெம்பிளியில் நிற்கச் சொல்லிக்கொடுப்பாரே அந்த மாதிரி நேராக நின்றாள். காக்கை கம்பியிலிருந்து அவளைப் பார்த்தது. அவளும் பார்த்தாள். கூப்பிடவில்லை. கூப்பிட்டு வருவது வேறு. காற்று சேலையை அடித்தது, பக்கத்து வீட்டுக் கொடியில் ஒரு சட்டை கையை வீசி வீசிக் காட்டியது, உச்சிப்பிள்ளையார் மலை வெயிலில் வெளுத்துக்கொண்டே போனது. உருண்டையின் மேல் தயிர் காய்ந்து ஏடு படிந்தது. காக்கை ஒரு முறை சிறகை விரித்தது. அது எழுந்து, வட்டமடித்து, மீனலோசனி வீட்டுப் பக்கம் போய்விட்டது. கண்ணீர் தானாக வந்தது. இரண்டு வருஷத்துக் கண்ணீர், துடைக்கத் தோன்றவில்லை. அழுதுகொண்டே நேராக நிற்க முடியும் என்பது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர் சாப்பிடவில்லை. பசியோடும் போகவில்லை. அவருக்கு இனிப் பசி இல்லை. இதைத் தெரிந்துகொள்ள ஒருத்திக்குத் தைரியம் வேண்டும், எனக்கு இருந்தது.

பவளம் படியில் பாதியில் நின்றுகொண்டிருந்தாள், மேலே வரப் பயந்து, கீழே போக மனமில்லாமல். 

"எடுக்கல பவளம்" என்றாள் குணசுந்தரி.

சோற்றை இலையோடு சுருட்டி எடுத்துக்கொண்டாள், தெருமுனையில் நிற்கும் பசுவுக்கு ஆகும். படி இறங்கும்போது இடுப்பில் செருகியிருந்த செல்போனை எடுத்து நஸ்ரினைக் கூப்பிட்டாள். குரல் கரகரவென்றிருந்தது, ஆனாலும் ஹெட்செட்டுக்குள் பேசிப் பழகிய அந்தத் தெளிவு போகவில்லை. "டாக்டர், குணசுந்தரி பேசறேன். ஹலோவுக்குச் சாப்பாட்டுச் சோதனை இன்னும் முடியல. ஆரம்பிக்கவே இல்ல. மொட்டைமாடியில தினம் சோறு தின்னுருக்கு, பருப்பு, நெய், தயிர். வெச்சது நான், பார்க்காம விட்டதும் நான், கண்டுபிடிச்சதும் நான்தான். இனிமே வெக்க மாட்டேன். இன்னையிலேர்ந்து எட்டு வாரம் எண்ணுங்க. மாத்திரை எழுதாதீங்க."

அந்தப் பக்கம் நஸ்ரின் என்னவோ சொன்னாள். குணசுந்தரி கேட்டுக்கொண்டே தாழ்ப்பாளை நீக்கினாள். ஹலோ பாய்ந்து வந்து அவள் கையிலிருந்த இலைச்சுருளை முகர்ந்தது. அவள் கையைத் தலைக்கு மேல் உயர்த்திக்கொண்டாள். "ம்ஹூம்" என்றாள். அது வாலை ஆட்டியபடி, அவள் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தது. அவள் கையை இறக்கவில்லை.